லாட் நம்பரும் ஆர்டர் எண்ணும்: தரச்சான்றை ஆன்லைன் கணக்கிலிருந்து எடுக்கும் வசதி எப்படி?

ரீஏஜென்ட் (சோதனைக்கான வேதிப்பொருள்) பாட்டிலோடு காகிதச் சான்றிதழ் மடித்து வந்த காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. பெட்டிக்குள் இப்போது இருப்பது பேக்கிங் சிலிப் மட்டும்தான். அதன் அடியில் ஒரு வரி: சான்றிதழை உங்கள் கணக்கில் லாகின் செய்து எடுத்துக்கொள்ளவும். கெமிக்கல், என்சைம், பிரைமர் (டி.என்.ஏ. வேலைக்கான சிறு இழை), ரெஃபரன்ஸ் ஸ்டாண்டர்டு (ஒப்பிட்டு அளப்பதற்கான, மதிப்பு தெரிந்த பொருள்) என்று எதை வாங்கினாலும் வழி இதுதான். இந்த வசதி ஆய்வகத்தின் அன்றாட வேலைக்கு எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆர்டரில் பொருளுக்கு ஒன்றாக உள்ள ஒவ்வொரு வரிக்கும் நேராக, உண்மையில் அனுப்பிய லாட் நம்பரையும் (ஒன்றாகத் தயாரான தொகுதியின் எண்) அந்த லாட்டின் சான்றையும் காட்டும் கணக்கு நல்ல கணக்கு. காகிதத்தைவிடப் பல மடங்கு மேல். லாட்டைக் காட்டாமல் பொருளின் பெயரை மட்டும் காட்டி, பக்கத்தில் ‘ஆவணங்கள்’ என்று ஒரு பொத்தானை வைத்திருக்கும் கணக்கு பாதி வேலையை நம் தலையில் கட்டுகிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் ஆடிட் அன்றைக்குத்தான் தெரியும்.

எந்தக் காகிதம் வேண்டும்?

‘ஆவணங்கள்’ பொத்தானை அழுத்தினால் நாலைந்து பெயர்கள் வரிசையாக வரும். பாதுகாப்புத் தரவுத்தாள், ஸ்பெசிஃபிகேஷன் ஷீட், பகுப்பாய்வுச் சான்றிதழ், மூலநாட்டுச் சான்றிதழ், விலங்குமூலப் பொருளாக இருந்தால் அதற்கான அறிக்கை. இவற்றில் லாட்டுக்கு லாட் மாறுகிற பகுப்பாய்வுச் சான்றிதழைத்தான் எல்லோரும் சி.ஓ.ஏ. என்கிறோம். ஸ்பெசிஃபிகேஷன் ஷீட்டும் பார்க்க அதே மாதிரி அட்டவணையோடு, அதே லோகோவோடு இருப்பதால் அதை டவுன்லோட் செய்து ஃபைலில் போட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிற தவறு.

அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பெசிஃபிகேஷன் ஷீட்டில் செறிவு 36.5 முதல் 38.0 சதவீதம் என்று வரம்பு மட்டும் இருக்கும். சி.ஓ.ஏ.வில் அந்த வரம்புக்குப் பக்கத்திலேயே இன்னொரு பத்தி இருக்கும், அதில் 37.2 என்று ஒரே ஒரு எண். அந்தப் பத்திதான் உயிர். அது இல்லாத தாள் எத்தனை அழகாக இருந்தாலும் உங்கள் பாட்டிலைப் பற்றி எதையும் சொல்லவில்லை. இந்த இரண்டையும் தனித்தனித் தலைப்பில் வைக்கும் தளங்களுக்கு எங்கள் பாராட்டு. ‘தரம்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் இரண்டையும் கொட்டிவைக்கும் தளங்களில் கோப்பைத் திறந்து பார்க்காமல் நம்பக் கூடாது.

நல்ல சி.ஓ.ஏ.வில் இருக்க வேண்டியவை: பொருளின் பெயர், கேட்லாக் நம்பர், லாட் நம்பர், சி.ஏ.எஸ். எண் (வேதிப்பொருளின் தனி அடையாள எண்), ஒவ்வொரு சோதனைக்கும் வரம்பும் முடிவும், தரக்கட்டுப்பாட்டுத் துறை வெளியிட்ட தேதி, எக்ஸ்பைரி தேதி அல்லது ரீடெஸ்ட் தேதி, சேமிப்பு வெப்பநிலை. எக்ஸ்பைரியும் ரீடெஸ்ட்டும் ஒன்றல்ல. ரீடெஸ்ட் தேதி வந்தால் தயாரிப்பாளர் தன் கையிருப்பை மறுபடி சோதித்து நாளை நீட்டிக்கலாம்; எக்ஸ்பைரி வந்தால் அந்தப் பாட்டிலின் கதை முடிந்தது.

எடுக்கும் வழி

பெரும்பாலான கணக்குகளில் வழி ஒன்றுதான். லாகின் செய்து ‘என் ஆர்டர்கள்’ பக்கத்துக்குப் போக வேண்டும். ஆர்டரைத் திறந்தால் வரிகள் தெரியும். அனுப்பிய வரிகளுக்கு மட்டும் சான்றிதழ் இணைப்பு உயிரோடு இருக்கும். இன்னும் கிளம்பாத வரிக்கு அது மங்கலாகவோ காணாமலோ இருக்கும். காரணம் எளிது: ஆர்டர் போடும் நேரத்தில் லாட் எது என்று அவர்களுக்கே தெரியாது. கிடங்கில் பொருளை எடுத்து வைக்கும்போதுதான் லாட் வரியோடு சேர்கிறது. ஆகவே ஆர்டர் போட்ட அன்றே சான்றைத் தேடிச் சலித்துக்கொள்வதில் பயனில்லை. பெட்டி வந்து சேர்ந்த நாள்தான் சரியான நாள்.

அந்த நாளைத் தள்ளிப்போடவும் கூடாது. சில கணக்குகள் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் பழைய ஆர்டர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகின்றன. தேதி வடிகட்டி தானாகவே கடைசி 30 அல்லது 90 நாட்களில் நிற்பதும் உண்டு. ஆர்டர் காணவில்லை என்று பதறும் முன் அந்த வடிகட்டியை ஒரு தடவை மாற்றிப் பாருங்கள்.

தேடுபெட்டியில் எந்த எண்ணைப் போடுவது என்பதிலும் குழப்பம் வரும். ஒரே கொள்முதலுக்கு மூன்று எண்கள் உண்டு. உங்கள் நிறுவனம் கொடுத்த பர்ச்சேஸ் ஆர்டர் எண் ஒன்று. சப்ளையர் தன் கணினியில் உருவாக்கிய விற்பனை ஆர்டர் எண் இன்னொன்று. பெட்டியோடு வந்த டெலிவரி எண் மூன்றாவது. பேக்கிங் சிலிப்பில் மூன்றும் அருகருகே அச்சாகியிருக்கும். கணக்கின் தேடுபெட்டி பெரும்பாலும் முதல் இரண்டை ஏற்கும். டெலிவரி எண்ணைப் போட்டால் ‘முடிவுகள் இல்லை’ என்று கைவிரித்துவிடும். எந்த எண் வேண்டும் என்பதைப் பெட்டிக்குள்ளேயே சாம்பல் எழுத்தில் எழுதி வைப்பது சிறிய மரியாதை. அதைச் செய்யும் தளங்கள் குறைவு.

பொத்தானை அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லையா? பாதி நேரம் குற்றவாளி பிரவுசரின் பாப்-அப் தடுப்புதான். சான்றிதழ் புதிய தாவலில் திறக்கும்படி அமைத்திருப்பார்கள். பிரவுசர் அதை விளம்பரம் என்று நினைத்து மடக்கிவிடும். முகவரிப் பட்டையின் ஓரத்தில் சின்னக் குறி தெரியும். அதைத் தொட்டு அனுமதி கொடுத்தால் தீர்ந்தது. பத்துப் பதினைந்து சான்றுகளை ஒரே நேரத்தில் எடுக்கும்போதும் ‘இந்தத் தளம் பல கோப்புகளை இறக்க முயல்கிறது’ என்று பிரவுசர் கேட்கும். கேள்வி திரையின் மூலையில் வந்து நின்றுகொண்டிருக்க, முதல் கோப்போடு எல்லாம் முடிந்தது என்று எழுந்துபோய்விடக் கூடாது. மொத்தமாக ஒரே ஜிப் கோப்பாகத் தரும் கணக்குகளில் இந்தத் தொல்லையே கிடையாது. மாதம் ஐம்பது வரிகளுக்கு மேல் வாங்கும் ஆய்வகத்துக்கு ஜிப் வசதி இருக்கிறதா என்பதே சப்ளையரைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் என்போம்.

லாட் நம்பரைத் தட்டும்போது

ஆர்டர் வழி அடைபட்டால் மிஞ்சுவது லாட் தேடல். பல பெரிய சப்ளையர்கள் லாகின் இல்லாமலேயே இதைத் திறந்து வைத்திருக்கிறார்கள். கேட்லாக் நம்பரும் லாட் நம்பரும் இருந்தால் போதும். அலமாரியில் மூன்று வருடமாக இருக்கும் பாட்டிலுக்கும், யாரோ வேறு துறையிலிருந்து வாங்கிவந்த பாட்டிலுக்கும் இதுவே வழி.

ஆனால் லேபிளில் இருப்பதை அப்படியே தட்டினால் எப்போதும் கிடைக்காது. சிக்மா-ஆல்ட்ரிச் பாட்டில்களில் லாட் நம்பரோடு நிரப்புக் குறியீடும் ஒட்டிக்கொண்டு வரும். லேபிளில் எஸ்டிபிபி0728கே9 என்று இருந்தால், கடைசியில் உள்ள கே9 நிரப்புக் குறியீடு. அதை விட்டுவிட்டு எஸ்டிபிபி0728 என்று மட்டும் தட்ட வேண்டும். 05427இஎஸ்-021 என்று இருந்தால் கோட்டுக்குப் பின்னால் உள்ள 021ஐ விட்டுவிட வேண்டும். ஒரே பெரிய தொகுதியைப் பல தடவையாகச் சின்னப் பாட்டில்களில் நிரப்புகிறார்கள். சோதனை தொகுதிக்கு ஒன்றுதான். நிரப்பும் தடவைதான் பல. சான்று தொகுதிக்கு உரியது என்பதால் நிரப்புக் குறியீட்டோடு தேடினால் அமைப்புக்குப் புரிவதில்லை. இந்தக் காரணம் தெரிந்துவிட்டால் மற்ற சப்ளையர்களின் லேபிளிலும் எதை வெட்டிப் பார்ப்பது என்று கை தானாகப் பழகிவிடும்.

அடுத்தது கண் ஏமாறும் இடங்கள். ஆங்கில ஓ எழுத்தும் பூஜ்யமும், ஐ எழுத்தும் ஒன்றும், பி எழுத்தும் எட்டும், எஸ் எழுத்தும் ஐந்தும். உறைபெட்டியிலிருந்து எடுத்த குப்பியின் லேபிளில் பனி படர்ந்திருக்கும்போது இவற்றைப் பிரித்தறிவது உண்மையிலேயே கடினம். லேபிளில் சதுர வடிவ இருபரிமாணக் குறி இருந்தால் கைப்பேசி கேமராவால் அதைப் படித்து நகலெடுப்பது நல்லது. மின்னஞ்சலிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது கடைசியில் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டு வரும். சில தேடுபெட்டிகள் அந்த ஒரு வெற்றிடத்துக்காகவே ‘கிடைக்கவில்லை’ என்று சொல்லிவிடும். இதைக்கூட நீக்கிப் பார்க்காத தேடுபெட்டியை நாங்கள் மன்னிப்பதாக இல்லை.

எக்ஸெல் செய்யும் சேதம் தனி ரகம். வரவுப் பதிவேட்டை எக்ஸெலில் வைத்திருப்பவர்கள் லாட் நம்பர் பத்தியை முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் 0012345 என்ற லாட் 12345 ஆகிவிடும். 2310, அதன்பின் ஆங்கில இ எழுத்து, அதன்பின் 05 என்று ஒரு லாட் வந்தால், எக்ஸெல் அதைப் பத்தின் அடுக்கு என்று எடுத்துக்கொண்டு 23 கோடியே 10 லட்சமாக மாற்றிவிடும். பின்னால் வடிவத்தை மாற்றினாலும் பழைய எழுத்து திரும்பி வராது. பாட்டிலைத் தேடிப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

ஒரு வரி, இரண்டு லாட்

பத்துப் பாட்டில் ஆர்டர் போட்டால் ஏழு ஒரு லாட்டிலும் மூன்று அடுத்த லாட்டிலும் வரலாம். கிடங்கில் பழைய லாட் தீர்ந்து புதியது தொடங்கும் நாளில் இது நடக்கும். பேக்கிங் சிலிப்பில் இரண்டு லாட்டும் இருக்கும். ஆனால் கணக்கில் அந்த வரிக்கு ஒரே ஒரு சான்றிதழ் இணைப்புதான் தெரியும்; பெரும்பாலும் முதல் லாட்டுடையது. இந்த வசதியின் மிகப் பெரிய ஓட்டை இதுவே. சான்று கையில் இருக்கிறது என்ற நிம்மதியில் மூன்று பாட்டில்கள் சான்றில்லாமல் அலமாரிக்குப் போய்விடும். பகுதி பகுதியாக அனுப்பும் ஆர்டர்களிலும் இதே கதைதான்: இரண்டாவது பெட்டி வரும்போது முதல் சான்று ஏற்கெனவே ஃபைலில் இருப்பதால் யாரும் மறுபடி பார்ப்பதில்லை.

தடுக்கும் வழி ஒன்றே. பெட்டியைப் பிரித்ததும் எல்லாப் பாட்டில்களையும் லேபிள் தெரியும்படி மேஜையில் வரிசையாக நிறுத்தி, எத்தனை விதமான லாட் இருக்கிறது என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையும் டவுன்லோட் ஆன சான்றுகளின் எண்ணிக்கையும் ஒன்றாக இருக்க வேண்டும். பாட்டில்களின் எண்ணிக்கையோ வரிகளின் எண்ணிக்கையோ இங்கே கணக்கில்லை.

செல் வளர்ப்புக்கான சீரம் வாங்குபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கன்றுச் சீரம் இயற்கைப் பொருள். எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு), ஹீமோகுளோபின் அளவுகள் லாட்டுக்கு லாட் மாறும், செல்களும் அதை உணரும். ஒரு லாட்டை ஒதுக்கி வைக்கச் சொல்லி வாங்கியிருந்தால், ஒவ்வொரு பெட்டியிலும் அதே லாட் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கணக்கில் ஆர்டரே இல்லை என்றால்

பெரிய நிறுவனங்களில் ஆராய்ச்சியாளர் சப்ளையரின் தளத்தில் நேரடியாக வாங்குவதில்லை. அரிபா, கூப்பா, ஜேகர் போன்ற கொள்முதல் மென்பொருள் வழியாக ஆர்டர் போகும். அப்போது சப்ளையரின் பார்வையில் வாங்கியவர் நிறுவனத்தின் பொதுக் கணக்கு. உங்கள் தனிக் கணக்கு அல்ல. நீங்கள் உங்கள் மின்னஞ்சலில் லாகின் செய்து எவ்வளவு தேடினாலும் அங்கே ஒன்றும் இருக்காது. சப்ளையரின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதி, உங்கள் லாகினை நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணோடு இணைக்கச் சொல்ல வேண்டும். அந்த எண் இன்வாய்ஸில் இருக்கும். இணைத்தபின் எல்லா ஆர்டரும் தெரியுமா, உங்களுடையது மட்டும் தெரியுமா என்பது அவர்கள் கொடுக்கும் அனுமதியைப் பொறுத்தது. தரப் பிரிவில் உள்ள ஒருவருக்காவது பார்வையிடும் அனுமதியுள்ள லாகின் வாங்கி வைத்தால், பர்ச்சேஸ் துறையின் பாஸ்வேர்டைப் பகிர்ந்துகொள்ளும் கெட்ட பழக்கம் தானாக ஒழியும்.

விநியோகஸ்தர் வழியாக வாங்கினால் தயாரிப்பாளரின் கணக்கில் உங்கள் ஆர்டர் ஒருநாளும் வராது. அவர்கள் கணக்கில் வாடிக்கையாளர் அந்த விநியோகஸ்தர்தான். நேரே லாட் தேடலுக்குப் போய்விடுங்கள். விநியோகஸ்தர் தன் லெட்டர்ஹெட்டில் சான்றை மறுபடி தட்டச்சு செய்து தந்தால் வாங்கி வைக்கலாம், ஆனால் தயாரிப்பாளரின் மூலச் சான்று இல்லாமல் அதை மட்டும் நம்ப வேண்டாம். தட்டச்சில் ஒரு தசமப் புள்ளி நகர்ந்தால் கேட்க ஆளில்லை.

பிரைமர் ஆர்டர்கள்: இங்கே இந்தச் சேவை நன்றாக இருக்கிறது

கேட்லாக் பொருட்களைவிட, ஆர்டரின்பேரில் செய்து தரும் டி.என்.ஏ. பிரைமர்களில்தான் ஆன்லைன் கணக்கு தன் மதிப்பைக் காட்டுகிறது. இங்கே ஒவ்வொரு குழாயும் ஒரு தனி லாட். பொதுத் தேடலில் கிடைக்க வாய்ப்பே இல்லை. டி.என்.ஏ. எழுத்து வரிசை உங்கள் சொத்து, அதனால் சான்றும் லாகினுக்குள்தான் இருக்கும். வரிகள் 96 இருந்தாலும் ஒரே விரிதாளாக எடுத்துவிடலாம் என்பது பெரிய வசதி.

அந்தத் தாளில் பெயர், வரிசை, கிடைத்த அளவு நானோமோலில், ஓ.டி. அளவு (கரைசல் ஒளியை உறிஞ்சும் அளவு), மைக்ரோகிராம், கணக்கிட்ட மூலக்கூறு எடை, நிறை நிறமாலைமானியில் (மூலக்கூறின் எடையை அளக்கும் கருவி) அளந்த எடை ஆகியவை இருக்கும். இறக்கிய உடனே செய்யத்தக்க ஒரு சரிபார்ப்பு உண்டு. 32.4 நானோமோல், மூலக்கூறு எடை 6117 என்றால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 198 மைக்ரோகிராம். ஒற்றை இழை டி.என்.ஏ.வுக்கு ஒரு ஓ.டி. என்பது தோராயமாக 33 மைக்ரோகிராம். ஆக 6 ஓ.டி. பக்கம் வர வேண்டும். மூன்று எண்களும் ஒன்றையொன்று ஒத்துக்கொண்டால் அந்த வரி உங்கள் குழாயுடையதுதான். 100 மைக்ரோமோலார் கரைசலுக்கு நானோமோலைப் பத்தால் பெருக்கி அத்தனை மைக்ரோலிட்டர்: 324. ஆர்டரில் போட்ட ‘25 நானோமோல்’ தயாரிப்பு தொடங்கும் அளவு. கையில் கிடைத்த அளவு அல்ல. ஆர்டர் பக்கத்திலுள்ள 25ஐப் பார்த்து 250 மைக்ரோலிட்டர் ஊற்றுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சான்றில் உள்ள எண்தான் எண்.

நிறை நிறமாலை வரைபடத்தையும் சேர்த்து எடுங்கள். பல கணக்குகளில் அது சான்றோடு வராது. தனி இணைப்பாகப் பக்கத்தில் இருக்கும். முக்கியச் சிகரம் கணக்கிட்ட எடையில் நிற்க வேண்டும். அதற்கு 22 கூடுதலாக ஒரு சின்னச் சிகரம் இருந்தால் சோடியம் ஒட்டியது, கவலை வேண்டாம். 304 குறைவாக ஒரு சிகரம் என்றால் டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான டி விடுபட்ட இழைகள் கலந்திருக்கின்றன. 289 என்றால் சி, 313 என்றால் ஏ, 329 என்றால் ஜி. இழையில் அடுத்த எழுத்தைச் சேர்க்கும் ஒவ்வொரு படியும் 99 சதவீதம் வெற்றி என்று வைத்துக்கொண்டாலும் 20 எழுத்துப் பிரைமரில் முழு நீள இழைகள் சுமார் 83 சதவீதம். 60 எழுத்து என்றால் 55 சதவீதம்தான். நீளமான இழைகளை வெறும் உப்பு நீக்கத்தோடு (குறை இழைகளைப் பிரிக்காமல்) வாங்கிவிட்டுச் சான்றைப் பார்க்காமல் குளோனிங்கில் இறங்கினால் வாரக்கணக்கில் நேரம் போகும். இரண்டு நிமிடம் வரைபடத்தைப் பார்ப்பது அதைக் காப்பாற்றும்.

ரெஃபரன்ஸ் ஸ்டாண்டர்டு: எந்த அடிப்படையில் தூய்மை?

சான்று கைக்கு வந்தபின் ஏமாறும் இடம் இது. தூய்மை 95.0 சதவீதம் என்று இருக்கும். அது நீரற்ற நிலையிலா, உள்ளபடியேவா என்பது அதே தாளில் சின்ன எழுத்தில் இருக்கும். நீரற்ற நிலையில் 95.0, ஈரம் 4.0 என்றால், 10 மில்லிகிராம் எடை போட்டால் உண்மையில் கையில் இருப்பது 10 பெருக்கல் 0.95 பெருக்கல் 0.96, அதாவது 9.12 மில்லிகிராம். ஈரத்தை மறந்தால் 9.5 என்று எழுதுவோம். அந்த ஒரு மறதி முடிவுகள் எல்லாவற்றையும் நான்கு சதவீதம் தள்ளிவிடும். கணக்கின் பொருள் பக்கத்தில் தூய்மை எண்ணை மட்டும் பெரிதாகப் போட்டு, அடிப்படையைப் பி.டி.எஃப்.க்குள் ஒளித்துவைக்கும் தளங்கள் இதற்கு வழி செய்கின்றன. எண்ணைத் திரையிலிருந்து எடுக்காதீர்கள், தாளிலிருந்து எடுங்கள்.

ரெஃபரன்ஸ் ஸ்டாண்டர்டில் உயர்ந்த வகையான சான்றளிக்கப்பட்ட மேற்கோள் பொருள் என்றால் மதிப்போடு நிச்சயமின்மையும் (மதிப்பு எவ்வளவு விலகலாம்), அதைக் கணக்கிடப் பெருக்கிய விரிவுக் காரணியும், மதிப்பு எந்த அளவுத்தரத்தோடு இணைகிறது என்ற அளவியல் தொடர்ச்சியும் இருக்க வேண்டும். தயாரிப்பாளர் மேற்கோள் பொருள் தயாரிப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 17034 அங்கீகாரம் பெற்றவரா என்பதும் அதே தாளில் தெரியும். இவை இல்லாமல் தூய்மை எண் மட்டும் இருந்தால் அது சாதாரண சி.ஓ.ஏ.; விலை எவ்வளவு என்பது அதை மாற்றாது.

பைப்பெட், தராசு, வெப்பமானி போன்றவற்றுக்கு லாட் கிடையாது, சீரியல் நம்பர்தான். கணக்கின் லாட் பெட்டியில் சீரியலைப் போட்டுப் பயனில்லை. அளவீட்டுச் சான்றுக்குத் தனிப் பக்கம் இருக்கும். கண்ணாடிக் குடுவைகளுக்கு மட்டும் இரண்டும் உண்டு: தொகுதிச் சான்று இலவசமாக இறங்கும், தனிக் குடுவைக்கான சான்றை வாங்கும்போதே காசு கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும்.

இறக்கிய பிறகு

கோப்பின் பெயர் ‘டாக்குமெண்ட்’ என்றோ இருபது இலக்க எண்ணாகவோ வரும். அப்படியே விட்டால் மறுவாரம் எது எது என்று தெரியாது. கேட்லாக் நம்பர், லாட் நம்பர், இறக்கிய தேதி என்ற வரிசையில் பெயர் மாற்றுங்கள். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்று எழுதினால் கணினி தானே வரிசைப்படுத்தும். லாட்டில் சாய்கோடு இருந்தால் அதற்குப் பதில் சிறுகோடு. விண்டோஸ் கோப்புப் பெயரில் சாய்கோட்டை ஏற்காது.

திரையில் திறந்த சான்றைப் ‘பிரிண்ட்’ கொடுத்துப் பி.டி.எஃப். ஆகச் சேமிக்க வேண்டாம். மூலக் கோப்பில் டிஜிட்டல் கையொப்பம் இருந்தால் அந்த வழியில் அது அழிந்துவிடும். புதிய கோப்பில் கையொப்பத்தின் படம் மட்டும் மிஞ்சும். கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்தி மூலக் கோப்பையே சேமியுங்கள். இணைப்பு முகவரியைப் பதிவேட்டில் ஒட்டிவைப்பதும் வீண். லாகின் நேரம் முடிந்ததும் அது வெறும் பிழைப் பக்கமாகிவிடும்.

சோதனை ஆய்வகங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 17025 தரநிலையின் 2017ஆம் ஆண்டுப் பதிப்பில் 6.6 பிரிவு வெளியிலிருந்து வாங்கும் பொருட்களைப் பற்றியது. மருத்துவ ஆய்வகங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 15189, 2022 பதிப்பிலும் ரீஏஜென்டுகள் 6.6 பிரிவில்தான் வருகின்றன. வாங்கிய பொருள் தேவைக்கு ஏற்றதா என்று பயன்படுத்தும் முன் பார்த்ததற்குப் பதிவு வேண்டும். சான்று கோப்புறையில் கிடக்கிறது என்பது பதிவாகாது. யார் பார்த்தார், எந்த நாள், எந்த வரம்போடு ஒப்பிட்டார், ஏற்றாரா என்று ஒரு வரி எழுத வேண்டும். ‘கணினியில் உருவாக்கப்பட்டது, கையொப்பம் தேவையில்லை’ என்ற வரி சான்றின் அடியில் இருந்தால் அதுவே சப்ளையரின் பொறுப்பேற்பு. அதற்காக ஆடிட்டரிடம் தடுமாறத் தேவையில்லை.

ஒரே லாட்டின் சான்று பிற்பாடு மாறுவதும் உண்டு. ரீடெஸ்ட் முடிந்து நாள் நீண்டிருக்கும், அல்லது ஒரு மதிப்பு திருத்தப்பட்டிருக்கும். கணக்கு பெரும்பாலும் புதியதை மட்டுமே காட்டும். பழையதன் மேல் எழுதிவிடாதீர்கள்: பழைய சான்றை வைத்துச் செய்த சோதனைகளுக்கு ஆதாரம் அதுதான். திருத்தம் வந்தால் மின்னஞ்சல் அனுப்பும் கணக்கை இன்னும் அதிகம் காண முடியவில்லை. இந்த ஒரு வசதி வந்தால் இந்தச் சேவைக்கு முழு மதிப்பெண்ணே கொடுக்கலாம்.

இப்போதைக்கு எங்கள் மதிப்பெண்: பிரைமர் போன்ற தனி ஆர்டர்களுக்கு ஐந்துக்கு நாலரை. லாட்டை வரியோடு காட்டும் கேட்லாக் கணக்குகளுக்கு நான்கு. லாட்டைக் காட்டாதவற்றுக்கு இரண்டு. அங்கே நேரே லாட் தேடலுக்கே போய்விடலாம்.

எல்லா வழியும் அடைபட்டால் தொழில்நுட்பச் சேவைக்கு எழுதலாம். கேட்லாக் நம்பர், லேபிளில் உள்ளபடி நிரப்புக் குறியீட்டோடு முழு லாட் நம்பர், பர்ச்சேஸ் ஆர்டர் எண், லேபிளின் தெளிவான புகைப்படம் ஆகிய நான்கும் முதல் மின்னஞ்சலிலேயே இருக்கட்டும். ‘சான்றிதழ் கிடைக்கவில்லை’ என்று மட்டும் எழுதினால் இந்த நான்கையும் கேட்டு ஒரு பதில் வரும். அதற்கே ஒரு நாள் போய்விடும். சான்று வரும்வரை பாட்டிலில் ‘நிறுத்திவைப்பு’ ஸ்டிக்கர் ஒட்டித் தனித் தட்டில் வையுங்கள்.